இறுதி ஆட்டமும் இரவல் தோளும்

என் பேரன் அமெரிக்காவின் வடக்கே, குளங்கள் உறைந்து தரையாகிவிடுகிற ஓர் ஊரில் படிக்கிறான். பங்குனி பிறந்தால் படிப்பு நின்றுவிடும். பனித்தரையில் கல்லூரிப் பையன்கள் ஆடும் ஹாக்கிதான் பிறகு உலகம். கைபேசியில் எனக்கு வகுப்பெடுப்பான். கல்லூரிகள் கூட்டமைப்பு கூட்டமைப்பாகப் பிரிந்து ஆடுமாம். ஒவ்வொன்றிலும் வென்றவர்கள் நேராகப் பெரிய போட்டிக்குப் போவார்களாம். தோற்றவர்களில் யாரைச் சேர்ப்பது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டாம்.

“நாங்க தோத்தாலும் உள்ள போகலாம் தாத்தா. அதுக்கு வேற நாலு டீம் தோக்கணும்” என்றான் நேற்று.

பனி என்றால் எனக்குத் தெரிந்தது துருவிய பனிக்கட்டிதான். எங்கள் வக்குவா ஊர் மைதான வாசலில் தள்ளுவண்டிக்காரர் கட்டியைத் தேய்த்து, உள்ளங்கையில் உருட்டி, மேலே சிவப்புச் சர்பத்தை ஊற்றிக் கொடுப்பார். வாதுமை மணக்கும், கை மரத்துப்போகும். பேரன் பேசப் பேச அந்த மணம் மூக்கில் ஏறிற்று. ‘வேற நாலு டீம் தோக்கணும்’ என்ற கணக்கை முதன்முதலில் நான் கேட்டது அந்த வண்டிக்குப் பக்கத்தில்தான்.

எங்கள் மொரீஷியஸில் கல்லூரி என்றால் பெரிய பையன்கள் படிக்கும் பள்ளிக்கூடம் என்று பொருள். அவர்களுக்குள் கால்பந்துப் போட்டி. மேட்டு ஊர்கள் ஒரு பிரிவு, கடற்கரை ஊர்கள் ஒரு பிரிவு, அதற்குப் பின் தோற்றவன் வீட்டுக்குப் போகிற ஆட்டங்கள். தீவு சுதந்திரம் வாங்கலாமா கூடாதா என்று பெரியவர்கள் மேடை போட்டுத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த காலம் அது. எங்களுக்கோ கடற்கரை ஊரான மாயெபூர்ப் பையன்கள் சனிக்கிழமை தோற்பார்களா என்பதே நாட்டின் எதிர்காலம்.

எங்கள் ரசிகர் கூட்டத்துக்குத் தலைவர் ஆறுமுகம். என் அக்கா புருஷன், தபால் ஆபீஸில் வேலை. நல்ல கனத்த உடம்பு. எங்கள் கல்லூரி ஓர் ஓட்டு வீட்டில் நடந்தது. அவர் அதில் படித்ததில்லை, அவர் பிள்ளைகளும் படித்ததில்லை. ஆனாலும் ஓர் ஆட்டம் விட்டதில்லை. அவரிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்: அடுத்தவர் பேரில் முருகனிடம் வேண்டிக்கொள்வார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று. ஒரு முறை நாங்கள் தோற்காமல் இருந்தால் மச்சான் மொட்டை போடுவான் என்று வேண்டிவிட்டார். மச்சான் நான்தான். கோலே விழாத ஒரு சமனாட்டத்துக்காக என் தலை போயிற்று. அலுவலகத்தில் வெள்ளைக்கார மேலாளர் எனக்கு டைபாய்டோ என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் அரையிறுதிக்கு முந்தின நாள் ஆறுமுகம் கற்பூரத்தைக் கொளுத்தி, கோயில் மண்டபமே கேட்கச் சொன்னார்: “முருகா! நாம ஃபைனல் போனா நம்ம மர்தே வர்ற தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பான்!”

மர்தே எங்கள் கோல்கீப்பர். மருதைமுத்து என்பது வீட்டில் வைத்த பேர். அதிகம் பேசமாட்டான். தாதி வேலை படிக்க இங்கிலாந்து போக இடம் கிடைத்திருந்தது. தைப்பூசம் முடிந்த வாரம் கப்பல். அதனால் அந்த இறுதி ஆட்டம்தான் அவனுக்குக் கடைசி ஆட்டம்.

அரையிறுதியில் வென்றோம். பிறகு போட்டிக் குழு தன் வேலையைக் காட்டியது. முதலில் மைதானத்தில் புல் சரியில்லை என்றார்கள். பிறகு பரீட்சை. பிறகு புது வருஷம். பிறகு பெண் பெயர் வைத்த ஒரு புயல் வந்து கோல் கம்பத்தையே பிடுங்கிக்கொண்டு போயிற்று. கடைசியில் மாற்றவே முடியாத தேதி என்று ஒன்றை அறிவித்தார்கள். அன்று தைப்பூசம்.

ஆறுமுகம் குழுவிடம் ஓடினார். அங்கே தமிழர் ஒருவரும் இல்லை. “கடவுளுடைய நிகழ்ச்சியைத் தள்ளிவைக்க முடியாதா?” என்று செயலாளர் மரியாதையாகவே கேட்டாராம். சாமி வரம் கொடுத்தும் பூசாரி கொடுக்காத கதை கேட்டிருக்கிறோம், இது அதற்கும் ஒரு படி மேல்.

மர்தேயிடம் விஷயத்தைச் சொன்னபோது நானும் இருந்தேன். நாங்கள் பேசியதெல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். என் தமிழ் பிற்பாடு சென்னையில் படித்து வாங்கியது.

“அயோ, தோந்தோன்” என்றான். மாமாவை எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவோம். “சாமிக்குச் சொல்லிட்டீங்கன்னா எடுக்கிறேன். ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.”

அதோடு வீட்டுக்குப் போய் விரதம் தொடங்கிவிட்டான். அவனுக்குப் பதில் நிற்கவேண்டியவன் கண்ணாடி போடாமல் பந்தையே பார்க்கமுடியாத பையன். ஆறுமுகத்துக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வேறு வழியில்லாமல் குருக்களிடம் போனோம். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். எங்கள் அரைகுறைத் தமிழில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

“வேண்டிண்டது யாரு? நீரா, அந்தப் பிள்ளையா?”

“நான்... நாந்தான் சாமி.”

“அப்ப நீர்தான் எடுக்கணும். உம்ம வேண்டுதலை அடுத்தவா தோள்ல ஏத்திவிட முருகன் என்ன லாரி ஓட்டறானா?”

என் தலைமுடி போவதற்கு முன்பே இவரைக் கேட்டிருக்கக்கூடாதா என்று எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஆறுமுகத்தின் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. பத்து நாள் மீனும் ரம்மும் கிடையாது என்பதுகூடப் பெரிதில்லை. வருஷக்கணக்காகக் காத்திருந்த இறுதி ஆட்டத்தை அவர் பார்க்கமுடியாது.

தைப்பூசத்தன்று நாக்கில் வேல், தோளில் காவடி, பால் செம்பு. ஆற்றங்கரையிலிருந்து வெறுங்காலோடு கிளம்பினோம். நான் தண்ணீர்ச் செம்போடு பக்கத்தில். வெயிலில் தார் இளகிக் கிடந்தது. அவர் உடம்புக்கு அடிக்கொரு தரம் நிற்கவேண்டியிருந்தது. மற்ற காவடிகளெல்லாம் முன்னே போய்விட்டன. மைதானத்தின் பின்பக்கத் தெருவுக்கு நாங்கள் வரும்போது உள்ளே ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

திடீரென்று ஒரு கூச்சல். கோல்! யாருடைய கோல்? ஆறுமுகம் அப்படியே நின்றார். நாக்கில் வேல் இருக்கிறது, கேட்கமுடியாது. கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார். எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? இன்னொரு கூச்சல் வந்தது. பிறகு மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் காவடி குலுங்கிற்று. அருள் வந்துவிட்டது என்று பெண்கள் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள்.

கோயில் வாசலில் மர்தே வந்து சேர்ந்தான். உடம்பெல்லாம் புழுதி. பத்து நாளும் விரதத்தை விடாமலேயே ஆடியிருக்கிறான் என்று அவன் அம்மா அப்போதுதான் சொன்னாள். ஆறுமுகத்துக்கு முன்னால் நின்று, நம் பக்கம் ஒரு விரலும் அவர்கள் பக்கம் இரண்டு விரலும் காட்டினான்.

ஆறுமுகம் அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதார். பக்தியைப் பார் என்று கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தனை வெயிலிலும் செம்புப் பால் திரியவில்லை. அபிஷேகம் நன்றாகவே நடந்தது.

மறுநாள் வீங்கிய நாக்கோடு என்னிடம் சொன்னார்: “மச்சான், ஃபைனல் போகணும்னுதானே கேட்டேன். ஜெயிக்கணும்னு கேக்க மறந்துட்டேன்.”

கப்பலடியில் மர்தேயின் அம்மா அவன் நெற்றியில் விபூதி பூசினாள். ஆறுமுகம் இந்த முறை வார்த்தை பார்த்து வேண்டிக்கொண்டார்: “முருகா, இவன் திரும்பி வரணும். வர்ற வரைக்கும் வருஷா வருஷம் காவடி எடுக்கிறேன். நான், என் தோள்ல.”

மர்தே இங்கிலாந்திலேயே கல்யாணம் செய்துகொண்டான். வருகிறேன் வருகிறேன் என்றான், வரவில்லை. ஆறுமுகம் மெலிந்து, நடை தள்ளாடி, நான் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்த கடைசித் தைப்பூசம் வரை காவடி எடுத்தார். மைதானம் இப்போது பெரிய கடையொன்றுக்குக் கார் நிறுத்துமிடம். சர்பத் வண்டியும் இல்லை, எங்கள் ஓட்டு வீட்டுக் கல்லூரியும் இல்லை.

“எங்க டீம் ஃபைனல் போகணும்னு வேண்டிக்கோ தாத்தா” என்றான் பேரன், நேற்றுப் பேச்சை முடிக்கும்போது.

“அது இருக்கட்டும். நீ எப்ப வர்றே?” என்றேன்.

“மேட்ச் ஆரம்பிச்சாச்சு தாத்தா” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். தைப்பூசத்துக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. நான் என் தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.