பெருமாயிக் குழாய்

மாதேஸ்வரனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் அவன் கைவேலையைப் பாராட்டித்தான் ஆக வேண்டியிருக்கிறது. எனக்கு அது எரிச்சல்தான். மலைமேல் குண்டூர் நாட்டில் அவன் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. முறையில் எனக்கு மச்சான். ரெண்டு ஏக்கர் மரவள்ளி, சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகு, வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அந்தக் கொட்டகையில்தான் ஒலிபெருக்கிக் குழாய் செய்வான்.

கடையில் விற்கிற குழாயில் யார் பேசினாலும் சளி பிடித்தவன் பேசுவதுபோல இருக்கும். இவனுடையது அப்படியல்ல. மண்ணில் அச்சு பிடித்து, பழைய செய்தித்தாளைக் கிழித்து, மரவள்ளி மாவுக் கஞ்சியில் தோய்த்து நாற்பது சுற்று ஒட்டுவான். ஒரு சுற்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. கழுத்து எவ்வளவு ஒடுங்க வேண்டும், வாய் எவ்வளவு விரிய வேண்டும் என்று போனில் பார்த்துக் கணக்குப் போட்டு, அட்டையை வெட்டி வைத்து அளப்பான். பின்னால் பொருத்துகிற, சத்தத்தை எழுப்புகிற யூனிட் மட்டும் கடைச் சரக்கு. பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிறவனுக்கும் ஒரு எழுத்து சிதையாமல் கேட்கும். அவன் கொஞ்சம் மட்டமான வேலைக்காரனாக இருந்திருந்தால் பெருமாயிக்கு இந்த கதி வந்திருக்காது.

பெருமாயி அவன் மனைவி. என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். அவர்களுக்கு ஒரே மகள், அருள்மொழி. பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்து, மலைக்குக் கீழே ஒரு நர்சிங் காலேஜில் இடமும் கிடைத்தது. சேர்வதற்குக் கடைசி நாளன்று அவள் காலை பஸ்ஸிலேயே போய்விட்டாள். சாதிச் சான்றிதழில் ஒரு கையெழுத்து பாக்கி. அதை வாங்கிக்கொண்டு மதியத்துக்குள் வந்துவிடுவதாக அப்பன் சொல்லியிருந்தான். பதினோரு மணிக்கெல்லாம் சான்றிதழ் அவன் பையில் இருந்தது. சேந்தமங்கலத்தில் பஸ் மாறும்போது புதிதாக ஒரு யூனிட் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கடைக்குள் நுழைந்தான். ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டுப் பார்த்துவிட்டு அவன் காலேஜுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தரை. கவுண்டரைச் சாத்தியிருந்தார்கள். இடம் வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது.

மறுநாள் காலையில், ஒன்றுமே நடக்காதவன் மாதிரி, அந்த யூனிட்டைக் குழாயில் பொருத்தி மைக்கில் ஒன்று இரண்டு எண்ணிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் பெருமாயிக்குத் தாங்கவில்லை. கொட்டகைக்குள் போய்க் கத்தினாள். மைக் ஓடிக்கொண்டிருந்தது.

"எம் புள்ள படிப்பு போச்சே. ஏனுங்க, உங்களுக்கு மனசே இல்லீங்களா? போயிருங்க. என் கண்ணு முன்னால நிக்காதீங்க, போயிருங்க."

பள்ளத்துக்கு எதிர்ப்புறம் என் மரவள்ளிக் காட்டில் நான் நின்றிருந்தேன். இருபது முப்பது குரங்குகள் கிழங்கைப் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் வந்ததும் அத்தனையும் விழுந்தடித்து ஓடின. வாயை வைத்துக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் போய் அவனிடம் சொன்னேன். "உம்பொண்டாட்டி சத்தத்துக்கு ஒரு குரங்கு நிக்கலடா மச்சான்."

சோதனை பார்க்கிறபோதெல்லாம் போனில் பதிவு செய்து வைப்பது அவன் வழக்கம். அதுவும் பதிவாகியிருந்தது. புலி உறுமல், பட்டாசு, நாய்க்குரைப்பு எல்லாம் போட்டுப் பார்த்தான். குரங்குகள் உடம்பைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருந்தன. பெருமாயி கத்தினால் மட்டும் ஓடின. அதை மெமரி கார்டில் ஏற்றி, ஒரு பேட்டரியோடு சேர்த்துக் குழாயை விற்க ஆரம்பித்தான். ஒரு வருஷத்தில் இருபத்து மூன்று காடுகளில் கம்பம் நட்டாகிவிட்டது. முதல் குழாய் என்னுடையது.

பெருமாயிக் குழாய் என்றே அதற்குப் பேர் வந்துவிட்டது. குரங்கைக்கூட ங்க போட்டு மரியாதையாக விரட்டுகிற பொம்பளை என்று பஸ்ஸில் சிரித்தார்கள். ரேஷன் கடையில் அவள் முகத்துக்கு நேரேயே, "இன்னிக்கு எங்க காட்டுல உங்க தொண்டை சரியில்லீங்களே" என்றார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் என் காட்டுக்கே வந்தாள்.

"அண்ணா, நீங்களாச்சும் அதைக் கழட்டிருங்க."

"கெழங்கு புடுங்கற வரைக்கும் பொறுத்துக்க சாமி" என்றேன். அதற்கப்புறம் ரெண்டு தடவை கிழங்கு பிடுங்கிவிட்டேன்.

அருள்மொழியை அடுத்த தை மாதமே திண்ணனூர் நாட்டில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அவள் மாமனாரும் ஒரு குழாய் வாங்கினார். காலையில் எழுந்ததும் சுவிட்சைப் போடுவது மருமகள் வேலை. மகளைப் பார்க்கப் போன பெருமாயி அதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள். வந்த அன்று புருஷனிடம் கெஞ்சியது எங்கள் வீடு வரை கேட்டது.

"எம் புள்ள படிப்பு போச்சேன்னு நான் அழுவறதை, அந்தப் புள்ளயே போட்டு உட்டுட்டுப் பாத்திரம் கழுவுதுங்க. வேற எதாச்சும் வெச்சுக் குடுங்க."

"அதுல உம் பேரா எழுதியிருக்குது? வெறும் சத்தம்தான? மாத்துனா குரங்கு நிக்குது" என்றான் மாதேஸ்வரன். அவன் கெட்டவன் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அன்றோடு அவள் சத்தமாகப் பேசுவதை விட்டுவிட்டாள். மேய்கிற மாட்டைக் கூப்பிட வேண்டுமென்றாலும் பக்கத்தில் நடந்து போய்க் கயிற்றைப் பிடிப்பாள்.

இந்த வருஷம் குரங்குகளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. என் காட்டில் ஒரு தாய்க்குரங்கு குழாய் மேலேயே உட்கார்ந்து குட்டிக்குப் பேன் பார்த்தது. அதற்குக் கீழே குழாய்க்குள் பெருமாயி போயிருங்க, போயிருங்க என்று கதறிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உறைத்தும் நான் செய்தது என்னவென்றால், குழாயைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு, வேறு சத்தம் ஏற்றித் தரச் சொல்லி மாதேஸ்வரனிடம் போனதுதான்.

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க மச்சான். புதுசா ஒண்ணு வேணும்" என்றபடி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். பெருமாயி கிழங்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். போனை அவள் வாய்க்கு நேரே நீட்டினான்.

"அன்னிக்குக் கத்துன மாதிரி இன்னொருக்கா கத்து பாக்கலாம்."

கையிலிருந்த கிழங்கை முழுசாக உரித்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். பக்கத்தில் நின்ற எனக்கே காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அன்னிக்கு எம் புள்ள படிப்பு போச்சுங்க, கத்துனேன். இன்னிக்குக் கத்தறதுக்கு, நீங்க கெடுக்க இங்க என்னங்க மிச்சம் இருக்குது?"

மாதேஸ்வரன் போனைக் காதில் வைத்து, பதிவானதைப் போட்டுப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை போலிருக்கிறது. மறுபடியும் அவள் வாய்க்கு நேரே நீட்டினான்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றான்.