என் வில்லுக்கு மரம் பார்த்தது

எங்கள் வீட்டில் மரத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் என் கணவர்தான் பேசுவார். வீடு கட்டும்போது வாசக்காலுக்கு மரம் தேடி விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் அலைந்தவர். அதிலிருந்து அவருக்கு எல்லா மரமும் தெரியும். கேட்டுக் கேட்டு எனக்கு அந்த வாசக்கால் நன்றாகத் தெரியும்.

ராஜகிரி மலைக்கோட்டைக்குக் கீழே உள்ள மைதானத்தில் ஞாயிறு காலைகளில் சிலர் வில் பழகுகிறோம். பள்ளியில் கணக்கு டீச்சரான நானும் போகிறேன். என் அம்பு இலக்கைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் பட்டிருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும். நான் இடது கைக்காரி. சின்ன வயதில் அம்மா இடது கையில் வேப்பெண்ணெய் தடவித் தடவி என்னை வலதுக்கு மாற்றிவிட்டார். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது. கல்யாணமாகி வந்த வீட்டில் யாருக்கும் இது தெரியாது. எங்கள் பக்கத்தில் மருமகளுக்கு இடது கைப் பழக்கம் என்றால் அதையும் ஒரு குறையாகத்தான் பேசுவார்கள். அதனால் வாயைத் திறக்கவில்லை.

மைதானத்து வில்கள் வலது கைக்காரர்களுக்குச் செய்தவை. அம்பு உட்காரும் சின்னத் தட்டு கைப்பிடிக்கு மேல் ஒரு பக்கத்தில் மட்டும் வெட்டியிருக்கும். ஒருநாள் எல்லோரும் டீ குடிக்கப் போனபோது, தட்டே இல்லாத பழைய மூங்கில் வில் ஒன்றை எடுத்து இடது கையால் நாணை இழுத்தேன். அம்பு நடுவில் போய்க் குத்தியது. இன்னொன்று விட்டேன். அதுவும் அங்கேயே. பக்கத்தில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதேன். எனக்கென்று ஒரு வில் வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

வீட்டில் வில் என்று மட்டும் சொன்னேன். எந்தக் கை என்று சொல்லவில்லை.

புதுச்சேரி பக்கம் வில் செய்யும் ஒருவர் மாதிரிக்கு மரப்பட்டைகள் அனுப்பினார். ஸ்கேல் போல மெல்லிய பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித்தான் இந்த வில்லைச் செய்வார்கள். உள்ளே எந்த மரம், வெளியே எந்த மரம் என்று நாம் சொல்ல வேண்டும். அன்று அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கூரியர்காரர் சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார். பார்சலைப் பிரித்தது என் கணவர்.

ஒவ்வொரு பட்டையையும் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் பக்கெட் தண்ணீரில் போட்டு மேலே ஒரு செங்கல்லை வைத்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

"ஊறினா உப்பிக்குதான்னு பாக்கணும். மழையில கதவு உப்பிக்கினா தெரியும் கஷ்டம்."

"இது கதவு இல்லீங்க."

"மரம் மரந்தான்."

மறுநாள் எடுத்தபோது பாதிப் பட்டைகள் வளைந்திருந்தன. வில்லுக்கு ஆகாது என்று அவற்றை ஒதுக்கி வைத்தார்.

மாமியாருக்குக் கருங்காலிதான் வேண்டும். ஊரில் பாதிப் பேர் கழுத்தில் கருங்காலி மாலை தொங்குகிற காலம் இது. "அது இருந்தா கண்ணு படாது" என்றார். கணவர் தேக்கை விடவில்லை. கறையான் அரிக்காதாம். அவர்கள் பேசி முடிக்கிற வரைக்கும் காய்ந்த பட்டைகளை ஒவ்வொன்றாக வளைத்து வளைத்து விட்டுப் பார்த்தேன். மூங்கில் விட்டதும் சட்டென்று நிமிர்ந்தது. தேக்கு யோசித்து நிமிர்ந்தது. கருங்காலி வளையவே மாட்டேன் என்றது.

கடைசியில் உள்ளே மூங்கில், வெளியே தேக்கு, நாண் மாட்டும் இரண்டு முனைகளிலும் கருங்காலித் துண்டு என்று முடிவானது. எல்லோருக்கும் திருப்தி. கணவரே வில் செய்பவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, தேக்கைப் பற்றி அவருக்கே பாடம் எடுத்தார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், அம்புத் தட்டு வெட்டணும். வலது கைதானே?" என்றார்.

"வலதுதான். எங்க வூட்ல அல்லாருக்கும் வலதுதான்."

பேசாமல் இருந்தால் தேக்கும் கருங்காலியுமாக அழகான வில் ஒன்று வரும். அதை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் புல்லைக் குத்திக்கொண்டிருப்பேன். கோபமாகக்கூட வந்தது.

"இடது" என்றேன்.

கணவர் போனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "யாருக்கு?"

"எனக்குத்தான்."

"எப்பத்துலருந்து?"

"பொறந்ததுலருந்து."

"சரிங்க மேடம், இடது" என்று சொல்லி அந்த மனிதர் போனை வைத்துவிட்டார். கணவர் கையில் இருந்த தேக்குப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டு வரப்போகிறது என்று காத்திருந்தேன்.

"அதான் வந்த நாள்லருந்து சாம்பார எலைக்கு வெளியவே ஊத்தினு இருந்தியா?" என்றார். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா கரண்டிய நான் வாங்கியிருப்பேனே."