எஃப்ரன்டரியும் அக்கா வீட்டு அடுப்படியும்

முத்தியால்பேட்டையில், கூடப்பிறந்த அக்கா வீட்டுக் கதவு திறந்தே கிடக்க, காலிங் பெல்லை அடித்துவிட்டு வாசலில் நின்ற தடியன் நானாகத்தான் இருப்பேன். முந்தின நாளே போன் போட்டு, "நாளைக்கு வரலாமாக்கா, தொந்தரவா இருக்குமா?" என்று வேறு கேட்டுத் தொலைத்தேன். இருபது வருஷ இங்கிலாந்து வாசம் செய்த வேலை அது.

போன புதிதில், கூட வேலை பார்த்த மார்கரெட் வீட்டில் விருந்து. நம் வழக்கப்படி நேரே அடுப்படிக்குப் போய், சட்டி மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். அவளுடைய அம்மா, "வாட் எஃப்ரன்டரி!" என்றார். பாராட்டாக்கும் என்று 'தேங்க்யூ' சொன்னேன். வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டினால், துணிச்சல்தான், ஆனால் வெட்கங்கெட்ட துணிச்சல். பிரெஞ்சு வழியாக வந்த சொல்லாம். லத்தீன் வேரில் 'நெற்றி இல்லாத' என்று அர்த்தமாம். வெட்கத்தில் சிவக்க நெற்றி வேண்டுமே, அது இல்லாதவன்! அடக் கடவுளே, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த எங்கப்பா என்னை 'எஃப்ரோந்தே' என்று திட்டுவாரே, அதே சொல். ஊரில் வாங்கின திட்டைச் சீமைக்குப் போயும் வாங்கியிருக்கிறேன். அந்தத் துணிச்சல் அன்றோடு சரி. எதற்கும் அனுமதி, எதற்கும் 'ப்ளீஸ்'. சிரிக்கிற ஒவ்வொரு வெள்ளைக்கார முகத்துக்குப் பின்னாலும் அந்தச் சொல் இருக்குமோ என்று சந்தேகம்.

இப்போது சந்தேகம் அக்காவுக்கு. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஃபேனைப் போட்டுவிட்டு, எட்ட நின்று பார்த்தாள். அம்மா போன பிறகு அந்த வீடு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. நான் வந்தது அவள் கையால் ஒரு வாய் சோறு தின்ன. அதுவும் இல்லையென்றால் எனக்கு ஊர் என்று எதுவும் இல்லை.

"அடுப்படிக்கு வரலாமாக்கா?" என்றேன்.

"என்னாடா புதுசா கேக்குற? நேத்து போன்லயும் இப்டிதான் கொழைஞ்ச. ஊட்ட வித்துடலாம்னு வந்துருக்கியா?"

"சத்தியமா இல்லக்கா. சும்மா உன்னப் பாக்கத்தான் வந்தேன்."

"சும்மா வர்ற தம்பி கேட்டுக்கினா வருவான்?"

விடுவிடுவென்று உள்ளே போனாள். சோறு போடத்தான் போகிறாள் என்று கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மூக்குக்கண்ணாடியோடு வந்தாள். மாட்டிக்கொண்டு, எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"குடு. எங்க கையெழுத்து போடணும்?"

கொடுக்க என்னிடம் ஒரு காகிதமும் இல்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அழவேண்டும் போலிருந்தது. அதற்கும் எனக்கு அனுமதி கேட்கத்தான் வாய் வந்தது.