மார்ஷல் எந்த ஊர்க்காரர்?

லீவு முடிந்தும் தம்பி பட்டாளத்துக்குத் திரும்பாவிட்டால் கோர்ட் மார்ஷல்வரை போகலாம் என்று நான் சொன்னதும், பெரியப்பா அக்கறையாகக் கேட்டார்: "அந்த மார்ஷல் எந்த ஊர்க்காரருலே? நம்ம பக்கத்து ஆளுன்னா பைய பேசிப் பாக்கலாம்லா."

சேரன்மகாதேவியில் தாலுகா ஆபீஸையே சரிக்கட்டிப் பழகியவர். அது ஆள் இல்லை, ராணுவ நீதிமன்றம் என்றேன். "நீ என்னத்தலே வக்கீலுக்குப் படிச்சே?" என்று முறைத்தார். நான் பாளையங்கோட்டையில் வரப்புத் தகராறு பார்க்கும் வக்கீல்.

தம்பி சிப்பாய். பதவி உயர்ந்து நாயக் பட்டை கைக்கு வரும் நேரம். அவன் லீவு முடிந்து நாலாவது நாள் எங்கள் குலசாமி சுடலைமாடனுக்குக் கொடை விழா. அப்பாவுக்குப் பிறகு சாமியாடும் பாத்தியதை அவனுக்குத்தான். "கொடைக்கு நிக்காமப் போனா சாமி குத்தம்லே" என்றார் பெரியப்பா. நின்றால் பட்டாளத்துக் குற்றம். போய்விடு என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். வீட்டில் வக்கீல் பேச்சை யார் கேட்டார்கள்? நின்றுவிட்டான்.

ராணுவச் சட்டத்தைப் புரட்டினேன். அருமையான சட்டம். தக்க காரணமில்லாமல் லீவு தாண்டினால் மூன்றாண்டுவரை சிறை. திரும்பும் எண்ணமே இல்லையென்றால் ஓடிப்போன குற்றம். அது இன்னும் பெரிது. சிப்பாய்க் கலகத்தில் மிரண்டுபோன வெள்ளைக்காரன், அதன்பிறகு கமாண்டிங் ஆபீசர் ஒருவரையே முழு நீதிமன்றமாக உட்கார வைத்தான். அவன் போய்விட்டான், நாற்காலி அப்படியே இருக்கிறது. அங்கே சிப்பாய்க்குத் துணையாக ஒரு 'நண்பர்' இருக்கலாம், ஆனால் நீதிமன்றத்தைப் பார்த்து வாய் திறக்கக் கூடாது. அடிப்படை உரிமை என்று கத்தலாமென்றால், படையினருக்கு அதைக் குறைத்துக்கொள்ள அரசியல் சட்டமே பாராளுமன்றத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறது. தக்க காரணத்தில் மாடன் சேர்த்தியா என்று மட்டும் எங்கும் சொல்லவில்லை.

கொடையன்று மதியம் மேளம் காதைக் கிழித்தது. தம்பி சாமியாடியின் சல்லடம் கட்டிக் கண்ணை மூடி நின்றான். நின்றுகொண்டே இருந்தான். சாமி வந்தது, பெரியப்பா மகன் மேல்.

"மாடனுக்குத் தெரியாதா யாருகிட்ட வரணும்னு!" என்று பெரியப்பா தன் மகனுக்கு மாலை போட்டார்.

தம்பி அன்றே ரயிலேறினான். கோர்ட் மார்ஷல்வரை போகவில்லை. கமாண்டிங் ஆபீசர் அந்த நீதிமன்ற நாற்காலியில் உட்காராமலே சின்ன விசாரணையாக முடித்து, அப்படிக் கொடுக்க முடிந்த உச்சத் தண்டனையாக இருபத்தெட்டு நாள் காவலில் போட்டார். நாயக் பட்டை தள்ளிப் போயிற்று. பெரியப்பா டீக்கடை டீக்கடையாகச் சொன்னார்: "மார்ஷலே நம்ம மாடனுக்குப் பயந்துட்டாருவே! இல்லாட்டா மூணு வருசம்லா!"

அடுத்த லீவில் வந்த தம்பியிடம் விசாரணையைப் பற்றிக் கேட்டேன்.

"தப்புதான்னு ஒத்துக்கிட்டேண்ணே. எதுக்கு நின்னேன்னு கேட்டாரு, சொன்னேன். கடைசியில, 'சரி, சாமி வந்துச்சா?'ன்னு கேட்டாரு."

"நீ என்னலே சொன்னே?"

"வந்துச்சு சார்னேன். பின்ன, நம்ம சாமிய அங்கன விட்டுக்குடுக்க முடியுமா?"

மாடன் தரப்பில் ஆஜரானவன் அவன் ஒருவன்தான். உள்ளே போனவனும் அவன்தான்.