உறைந்த பாமாயில்

என் மருமகள் எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் படிக்காமல் வாங்கமாட்டாள். பாமாயில் என்று இருந்தால் திரும்ப வைத்துவிடுவாள். போன வாரம் அதைப் பற்றி அவள் அரை மணி நேரம் பேசியதில் எனக்கு எரிச்சல் வந்து, வீட்டில் இருந்தவற்றையெல்லாம் மேஜைமேல் அடுக்கி எண்ணினேன். பத்தொன்பது பொருள்கள். அவற்றில் பதினொன்றில் பாமாயிலோ அதிலிருந்து எடுத்ததோ இருந்தது. பிஸ்கட், நூடுல்ஸ், சாக்லேட், அவள் முகத்துக்குப் போடும் சோப்பு. உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று டாக்டர்கள் பேசிக்கொள்ளட்டும். அந்த எண்ணெயில் வளர்ந்தவன் நான். அதைப் பற்றிச் சொல்ல எனக்கும் ஒன்று இருக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரே காம்பவுண்டுக்குள் நான்கு வீடுகள். எங்கள் வீட்டில் கடலை எண்ணெய் தாளிக்க மட்டும்தான். பலகாரம் சுடுவதென்றால் ரேஷன் பாமாயில். அம்மா அதைப் புகழ்ந்துகொண்டே இருப்பார். பொங்கி வழியாது, சட்டென்று புகையாது. அதில் சுட்ட முறுக்கு புது வருஷம் வரைக்கும் மொறுமொறுப்பாக இருக்கும், சிக்கு வாடை வராது. தனக்கென்று ஒரு வாசனையும் கிடையாது. இந்தக் கடைசிக் குணம்தான் எங்களை மாட்டிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு கல்கல் செய்வது எங்கள் வீட்டு வழக்கம். மைதா மாவைச் சின்னச் சின்ன உருண்டையாக்கி, புதுச் சீப்பின்மேல் அழுத்தி உருட்டினால் வரிவரியாகச் சங்குபோல் சுருளும். ஒருவர் செய்து முடிகிற வேலை அல்ல. பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மாவை நான் உருதுவில் காலா, அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடுவேன். அவர் எட்டு வருஷமாக அந்தக் காலையில் வந்து அம்மாவோடு உட்காருவார். அவர்கள் ரம்ஜானுக்கு அம்மா அங்கே போய் சமோசா மடிப்பார். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் அன்று பன்றிக்கறி உண்டு. அதற்கென்று ஒரு மண்சட்டி, ஒரு கரண்டி, தனிக் கத்தி. மூன்றும் கொல்லைப்புறக் கொட்டகையைத் தாண்டி வராது. காலா கேட்டு அம்மா அப்படிச் செய்யவில்லை. தானாகவே செய்தார்.

அந்த வருஷம் காலாவோடு அவருடைய நாத்தனாரும் வந்திருந்தார். வாணியம்பாடியில் வாழ்க்கைப்பட்டவர். காலாவின் வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

"டேய் கணக்குப்பிள்ளை, எத்தன ஆச்சு?" என்றார் காலா.

"நூத்தி எழுபத்தி ரெண்டு. அதுல உங்களது அறுபத்தி ஒண்ணு. ஒம்போது கோணல்."

"பாரு, கோணலையும் எண்றான்!"

எல்லோரும் சிரித்தோம். அம்மா எண்ணெய்ச் சட்டியை இன்னும் பற்றவைக்காத அடுப்பில் வைத்து, டின்னைத் திறந்து கரண்டியை விட்டார். பெங்களூர் டிசம்பர் குளிர். டின்னில் இருந்தது வெள்ளை வெளேரென்று இறுகியிருந்தது. அம்மா அதை வழித்துச் சட்டியில் தட்டினார்.

நாத்தனாரின் கை சீப்பின்மேல் நின்றது.

"க்யா பாபி இது?" என்று தன் அண்ணியான காலாவைக் கேட்டுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார். " என்னம்மா அது, கொழுப்பா?"

"ரேஷன் பாமாயிலுங்க. குளிருக்கு ஒறைஞ்சிருக்குது."

"எங்க ஊர்லயும்தான் பாமாயில் வாங்குறோம். தண்ணி மாதிரி இருக்கும்."

"உங்க ஊர்ல ஏதுங்க குளிரு? தேங்காண்ணெ ஒறையறதில்லையா, அப்படித்தான்."

"தேங்காண்ணெக்கு வாசம் இருக்குமே. இதுக்கு ஒண்ணையும் காணோம்." அவர் எழுந்துவிட்டார். "நீங்க பன்னிக்கறி சாப்பிடுறவங்க. உங்கள நான் தப்பு சொல்லல. ஆனா பாபி, எட்டு வருஷமா நீ இங்க தின்னுட்டிருக்கியே!"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். அவர் முகம் சிவந்துபோனதைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. இனி காலா வரமாட்டார், வந்தாலும் எதையும் தொடமாட்டார், ரம்ஜான் சமோசாவும் இல்லை. இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குப் புரிந்தது.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. டின்னிலிருந்து ஒரு கரண்டி உறைந்த எண்ணெயை டம்ளரில் போட்டுக்கொண்டு வெளியே ஓடினேன். சமையலறை ஜன்னலுக்கு நேராகக் காம்பவுண்டுச் சுவர்மேல் வெயில் விழுந்த இடத்தில் அதை வைத்து எண்ண ஆரம்பித்தேன். ஜன்னல் வழியே உள்ளே எல்லாம் தெரிந்தது. அப்போது காலா கை நீட்டி, முந்தின நாள் அதே டின் எண்ணெயில் சுட்ட அச்சு முறுக்கு ஒன்றை எடுத்து, நாத்தனாரைப் பார்த்தபடியே கடித்தார். அந்தச் சத்தத்தில் என் எண்ணிக்கை தவறிவிட்டது.

"இந்த வருஷம் எள்ளு கம்மியா போட்டுட்டீங்க அக்கா," என்றார் காலா.

நான் எரிச்சலோடு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். நானூற்றுப் பன்னிரண்டில் டம்ளரில் இருந்தது முழுவதும் உருகி, மஞ்சளாக, தெளிவாக நின்றது. உள்ளே ஓடி நாத்தனாரின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்க, எண்ணெய்தான்!"

அவர் டம்ளரைப் பார்த்தார். வாயில் முறுக்கோடு உட்கார்ந்திருந்த காலாவைப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தட்டி, "ஷாபாஷ் பேட்டா," என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சீப்பின் முன்னால் மறுபடி உட்கார்ந்தார். அன்று மொத்தம் ஆயிரத்து நாற்பது கல்கல். அதில் நூற்றுப் பதினெட்டு அவர் உருட்டியவை.

பாமாயிலின் மானத்தையும் அம்மாவின் மானத்தையும் ஒரே டம்ளரில் காப்பாற்றியவன் என்று பல கிறிஸ்துமஸ்களில் இந்தக் கதையைச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். அம்மாவும் காலாவும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். "ஆமாம்பா, நீ இல்லன்னா அன்னிக்கு என்னா ஆயிருக்குமோ," என்பார் காலா.

எனக்குக் கல்யாணமாகி, நானே கறி சமைக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் ஒருநாள் அது உறைத்தது. சட்டியில் போட்ட பன்றிக் கொழுப்பு உருகி, தெளிந்த எண்ணெயாக நின்றது. எந்தக் கொழுப்பும் சூடு பட்டால் உருகும். என் டம்ளர் எதையும் நிரூபிக்கவில்லை. அன்று சமையலறையில் இருந்த மூன்று பெண்களுமே வருஷக்கணக்காக ஆட்டுக் கொழுப்பை உருக்கியவர்கள். எனக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. எழுந்து நின்றுவிட்ட நாத்தனாருக்குத் திரும்ப உட்கார ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நான் அதைக் கொண்டுபோய் நீட்டினேன், அவ்வளவுதான்.

காலா முறுக்கைக் கடித்தபோது டம்ளரில் இருந்தது இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது.