முன்பக்கத்துக்கு ஒரு மாமா

நான் விமானத்தின் முதல் வகுப்பில் ஒருநாளும் இருந்ததில்லை. கொழும்பில் பெரும்பாலானவர்களுக்கு அந்தக் குறை உண்டு. அதைத் தாங்கிக்கொண்டு நிம்மதியாகத்தான் வாழ்கிறார்கள். என் முட்டாள்தனம் வேறு. அங்கே இருந்ததாக ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு சஞ்சிகை அதை என் படத்தோடு போட்டது.

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. லண்டனில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது எங்களை முன்கதவால் ஏற்றினார்கள். கடைசி வரிசைக்குப் போகும் வழியில் முதல் வகுப்பைக் கடந்து நடந்தேன். முன்னால் யாரோ பையை மேலே ஏற்ற முடியாமல் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால், ஒரு முழு நிமிடம் அங்கே நிற்கவும் கிடைத்தது. அந்த ஒரு நிமிடத்தை ஆறு பக்கத்துக்கு விரித்தேன். ஒரு பக்கத்தில் வெள்ளி வண்டி ஒன்று வரும். ரப்பர் சில்லில் சத்தமில்லாமல் உருண்டு வந்து, என் இருக்கையருகில் மரியாதையாக நின்று, பதினெட்டு வகைப் பலகாரங்களோடு காத்திருக்கும். அந்தப் பந்தியை நானே அடிக்கடி எடுத்து வாசிப்பதுண்டு. வெள்ளவத்தைச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோது இரண்டு பேர் என்னை மறித்து அந்த வண்டியைப் பற்றி விசாரித்தார்கள்.

என் மனைவி மட்டும் கட்டுரையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவ அந்தப் பயணத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்தவ. எங்களுக்குப் பின்னால் கழிவறைதான் இருந்தது.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்காவின் மகள் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தாள். மூன்று வருடமாக வளைகுடாப் பக்கத்து விமானமொன்றில் பணிப்பெண். பின்பக்கம், அதாவது என்னைப் போன்றவர்கள் இருக்கும் பக்கம். வந்ததும் கதிரையில் பக்கவாட்டாகச் சரிந்து உட்கார்ந்தாள். இடுப்பில் அகலமான ஒரு பட்டி.

"என்ன பிள்ளை, இடுப்புக்கு?"

"வண்டி தள்ளித் தள்ளிப் போச்சு, மாமா. சாப்பாட்டு வண்டி நிறைஞ்சிருக்கேக்க மாடு மாதிரிப் பாரம். விமானம் மேல ஏறிக்கொண்டிருக்கேக்கயே தள்ளவேணும். டொக்டர் சொல்லிட்டார், இன்னும் ஒரு வருசம் தள்ளினால் வேலையை விடவேண்டி வருமெண்டு."

தப்பிக்க ஒரே வழி முதல் வகுப்புக்கு மாறுவது. அதற்குப் பயிற்சி முடித்துவிட்டாள். பரீட்சை மட்டும் பாக்கி. கம்பனி அதை இங்கே ஒரு பயிற்சி நிலையத்தில் நடத்துகிறது. தவறினால் அடுத்த தவணைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தைத்தான் டொக்டர் வேண்டாம் என்றிருந்தார்.

"பரீட்சைக்குப் பயணியா ஒரு ஆளை நாங்களே கூட்டிக்கொண்டு போகவேணும். நீங்கள்தான் மாமா சரியான ஆள்."

என் கட்டுரைக்கு ஒரு பயன் கிடைத்துவிட்டது என்று நெஞ்சு விரிந்தது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்பதும் தெரிந்தது. "கட்டாயம் வாறன்" என்றேன். குசினியில் ஒரு மூடி விழுந்தது. என் மனைவி சில கருத்துகளை அப்படித்தான் தெரிவிப்பா.

அடுத்த ஒரு வாரம் எங்கள் சாப்பாட்டு மேசை விமானமானது. மருமகள் பயிற்சி செய்தாள், மனைவி பயணி. நான் அனுபவசாலி என்ற முறையில் கதிரையில் சாய்ந்து தலையாட்டினேன். பயணியோடு கதைக்கும்போது அவர் கண்மட்டத்துக்குக் குனிய வேண்டும். ஒற்றை விரலால் எதையும் காட்டக் கூடாது; முழுக்கையும் விரித்துக் காட்ட வேண்டும். கோப்பையை எந்தப் பக்கத்தால் வைப்பது, எந்தப் பக்கத்தால் எடுப்பது என்பதற்கெல்லாம் சட்டம். ஒரு சட்டம் மட்டும் என் மனைவிக்குச் செமிக்கவில்லை. எதையும் ஒருமுறைதான் கேட்கலாம். பயணி வேண்டாம் என்றால் வேண்டாம்தான். திருப்பிக் கேட்டால் புள்ளி குறையும்.

"ஒருக்காத்தான் கேப்பியளோ?" என்றா மனைவி. "அப்ப உங்கட முதல் வகுப்பில எங்கட ஆக்கள் பட்டினி கிடந்து சாவினம்."

நாங்கள் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

பரீட்சை நாளன்று கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு காலி வீதியில் பஸ் ஏறினேன். மிதிபலகையில் நின்றபடி கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, மஹத்தயா, இஸ்ஸரஹட்ட!" என்று முன்னுக்குத் தள்ளினான். யோசித்துப் பார்த்தால், என் வாழ்க்கையில் என்னை முன்னுக்குப் போகச் சொன்ன ஒரே இனம் பஸ் கொண்டக்டர்கள்தான்.

பயிற்சி நிலையம் இரத்மலானையில், குளியலறைச் சாமான் விற்கும் கடை ஒன்றுக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே வெள்ளை வெளேரென்று கொமட்டுகள் வரிசையாக நிற்க, அவற்றைத் தாண்டிப் படியேறினால் முதல் வகுப்பு. விமானத்தின் முன்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வைத்தது போல ஒரு அறை. வட்ட ஜன்னல்களில் முகில் படம் ஒட்டியிருந்தது. எனக்குப் பின்னால் பரீட்சகர் கோப்போடு உட்கார்ந்தார். நரைத்த கொண்டை போட்ட சிங்கள அம்மா. இருபது வருடம் பறந்தவராம். எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள். கோப்பில் குனிந்தபடி என்னைக் கடந்து போனதால் கொண்டையைத்தான் கண்டேன், முகம் தெரியவில்லை. பேனை எழுதும் சத்தம் மட்டும் கேட்கும்.

மருமகள் சீருடையில் வந்தாள். இடுப்புப் பட்டி இல்லை. அது இல்லாமல் அவள் எப்படி நிமிர்ந்து நிற்கிறாள் என்று பயமாக இருந்தது. என் பெயரைச் சொல்லி ஆங்கிலத்தில் வரவேற்றாள். நான் எழும்பி நின்று "வாங்கோ, இருங்கோ" என்றேன். பேனை கேட்டது.

பிறகு ஒரு தட்டில் வெள்ளையாக, ஆவி பறக்க, சுருட்டிய ஏதோ வந்தது. பிட்டு மாதிரி இருந்ததால் வாய்வரை கொண்டுபோனேன். நல்லவேளை, துவாய் என்று மூக்கு கண்டுபிடித்தது. முகத்தைத் துடைத்தேன், கழுத்தைத் துடைத்தேன். கோட்டுக்குள் பஸ் பயணத்தின் வேர்வை இருந்தது. கையை உள்ளே விட்டு அதையும் துடைத்தேன். திருப்பிக் கொடுத்தபோது மருமகள் அதை இடுக்கியால் வாங்கினாள். பேனை நீண்டநேரம் கேட்டது.

"சேர், கொஞ்சம் சூடான கஜு வைக்கட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்" என்றேன்.

என்னைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் வளர்ப்பு அப்படி. போன இடத்தில் எதைத் தந்தாலும் முதலில் வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தரம் வேண்டாம் என்பது வீட்டுக்காரருக்கு நாம் கொடுக்கும் சந்தர்ப்பம். மூன்றாம் தரம் அவர்கள் "சும்மா இருங்கோ" என்று அதட்டிச் சாப்பாட்டுக் கோப்பையில் போடுவார்கள். நாம் "ஐயோ, கூட" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவோம். இது எங்கள் சட்டப் புத்தகம். மருமகளின் புத்தகத்தில் வேறு எழுதியிருந்தது. தலையை மெல்லச் சரித்து, "நிச்சயமாக, சேர்" என்று முந்திரிக் கிண்ணத்தோடு போய்விட்டாள்.

சூப் வந்தது. வேண்டாம் என்றேன். போய்விட்டது. மீன் வந்தது, எலுமிச்சையும் வெண்ணெயும் மணக்க. ஒரு வாரம் மேசையில் இருந்து அந்தச் சட்டத்துக்குத் தலையாட்டியவன் நான். ஆனாலும் வாய் தன்பாட்டில் "வேண்டாம்" என்றது. மீனும் போனது. அப்போதுதான் விளங்கியது. நான் சாப்பிடாவிட்டால் அவள் பரிமாற முடியாது. பரிமாறாவிட்டால் எதற்குப் புள்ளி போடுவார்கள்? பிள்ளையின் இடுப்பு என் மரியாதையால் முறியப்போகிறது.

வேண்டாம் என்றதை எப்படித் திருப்பிக் கேட்பது? அதற்கு எங்களிடம் வழக்கம் இல்லை. இருமிப் பார்த்தேன். கைப்பிடியில் இருந்த பொத்தான்களில் அவளைக் கூப்பிடுவது போல் தெரிந்த ஒன்றை அமத்தினேன். முதுகு பின்னுக்குப் போனது, கால் மேலுக்கு வந்தது, நான் கல்யாணக் கோட்டோடு மல்லாக்க, கூரையைப் பார்த்தபடி நீட்டி நிமிர்ந்து கிடந்தேன். மாலை மட்டும்தான் குறை. தலைமாட்டில் மிஸ்ஸின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன், தலைகீழாக.

மருமகள் வந்தாள். சிரிக்கவில்லை, பதறவில்லை. கண்மட்டத்துக்குக் குனிந்தாள், என் கண் இருந்த மட்டத்துக்கு அவள் முழங்காலில் நிற்க வேண்டியிருந்தது. இடுப்பு நோவில் உதட்டைக் கடித்ததை நான் மட்டும் கண்டேன். பொத்தானை அமத்தி என்னை நிமிர்த்தி, "சேர் சற்று ஓய்வெடுத்தது நல்லது" என்றாள். ஏதோ நான் திட்டமிட்டுச் செய்தது போல.

பிறகு அவள் ஒன்றையும் கேட்கவில்லை. வெள்ளைத் துணி விரித்தாள். சிறிய கிண்ணத்தில் சூப்பை வைத்து, "குசினியில் உப்பு சரியா என்று சேரிடம் அபிப்பிராயம் கேட்கிறார்கள்" என்றாள். அபிப்பிராயம் கேட்டால் எங்கள் ஆட்கள் மறுப்பதில்லை. கிண்ணத்தைத் துடைத்து அபிப்பிராயம் சொன்னேன். அதேபோல மீனைப் பற்றி, பாற்கட்டியைப் பற்றி, ஒரு துண்டு கேக்கைப் பற்றி, கடைசியில் கஜுவைப் பற்றியும். வயிறு நிறைய அபிப்பிராயம். நன்றி மேலிட்டு, கோப்பைகளை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, மேசையைத் துணியால் துடைத்து, "இந்தா பிள்ளை" என்று நீட்டினேன்.

கீழே கொமட்டுகளுக்கு நடுவே ஒரு வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். அரை மணித்தியாலம் கழித்து மருமகள் மிஸ்ஸோடு படியிறங்கி வந்தாள். ஒரு கை கைப்பிடிச்சுவரில், மறுகையில் இடுப்புப் பட்டி. முகம் மலர்ந்திருந்தது.

"பாஸ், மாமா!"

மிஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஹரிம ஹொந்தாய், அங்கிள்!" என்று சிங்களத்தில் பாராட்டத் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறினார். "இந்தப் பாத்திரத்துக்கு முன்பு சிலர் நாடக நடிகர்களைக்கூடக் கூட்டிவந்தார்கள். ஒருவரும் இவ்வளவு இயல்பாகச் செய்யவில்லை. அடுத்த தவணைக்கும் வருவீர்களா?"

அவர் போனதும் மருமகளைப் பார்த்தேன். "என்ன பாத்திரம்?"

"உங்களிட்ட வர முன்னமே சீட்டுக் குலுக்கினவை, மாமா. ஒவ்வொருத்தருக்கும் ஒரு விதமான பயணி. கோபக்காரர், கைக்குழந்தைக்காரி, தேனிலவுச் சோடி. எனக்கு விழுந்தது, பின்னுக்கு இடமில்லாமல் முன்னுக்கு ஏத்தின ஆள். முதல் வகுப்பைக் கண்ணால கண்டிராதவர். அவரை வெக்கப்படுத்தாமல் கவனிக்கவேணும்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் நடிப்பீங்கள். நடிச்சால் மிஸ் கண்டுபிடிச்சிடுவா."

"சட்டப்படி திருப்பிக் கேக்கக் கூடாதெண்டாய். பிறகு எப்பிடி?"

"கேட்டால்தானே நீங்கள் வேண்டாம் எண்டுவீங்கள். மாமிதான் சொல்லித்தந்தவ."

பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தோம். அவள் மெல்ல, பட்டியை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். மனம் கேட்கவில்லை.

"அப்ப என்ர கட்டுரை வாசிக்கேல்லையோ?"

"வாசிச்சனான், மாமா. அந்த வெள்ளி வண்டி நல்ல வடிவு." வந்த பஸ்ஸைக் கைகாட்டி மறித்தாள். "ஆனா முன்னுக்கு வண்டியே இல்லை. அது இல்லாதபடியாத்தானே நான் இவ்வளவு பாடுபட்டு முன்னுக்குப் போறன்."