பீவிம்மா திரும்பக் கேட்ட டப்பாக்கள்

கழுத்தளவு ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைத் துழாவி இறால் பிடிக்கிற ஜமுனாவின் கைகளில் கீறல் இல்லாத நாளில்லை. அந்தக் கைகளுக்கு வளையல் போட வரும் பரக்கத் பீவி, முதலில் கீறல்களில் தேங்காய் எண்ணெய் தடவி, அது ஊறும்வரை ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார். பிறகுதான் வளையல். எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வளையல் சத்தம் கேட்டால் ஜமுனாவுக்கு இன்றும் அந்த வாசனைதான் வருகிறது.

பழவேற்காட்டிலிருந்து குப்பம் குப்பமாக மூட்டையோடு நடந்தே வருவார் பீவி. வளையல், பொட்டு, ரிப்பன். ஒரு வருடம் புதிதாக ஒரு கிரீம் டப்பாவும் வந்தது. மேலே தங்க எழுத்தில் பெயர். உள்ளே என்ன இருக்கிறதென்று எங்கும் எழுதவில்லை. தம்பி கல்யாணத்தில் நாலு பேர் பார்க்கும்படி இருக்கவேண்டுமென்று ஜமுனா ஆசையாய் வாங்கினாள். மூன்று மாதத்தில் முகம் வெளுத்தது. கன்னமும் உப்பியது.

"இன்னாடி, கலராவும் ஆயிட்ட, பூசினாப்லயும் ஆயிட்ட! உம் புருசன் தெனம் கறியா ஆக்கிப் போடறான்?" என்றாள் பக்கத்து வீட்டுத் தனக்கோடி. ஜமுனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கால் வீங்கியபோதுகூட, தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கிற கால்தானே என்று விட்டுவிட்டாள்.

கல்யாணம் முடிந்த வாரம் கண் திறக்க முடியாமல் முகம் வீங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரகம் கெட்டுக்கொண்டே போகிறது, காரணம் பிடிபடவில்லை என்றார் டாக்டரம்மா.

"ஏதாவது மருந்து சாப்பிட்டியாம்மா?"

"இல்லீங்க." தடவுகிற கிரீமை மருந்து என்று அவள் நினைக்கவேயில்லை.

தெய்வம் அனுப்பியதுபோல அந்த நேரம் பார்க்க வந்திருந்தார் பீவி. கேட்டுக்கொண்டே நின்றவருக்கு முகம் செத்துவிட்டது. மூட்டையை அவிழ்த்து ஒரு டப்பாவை டாக்டரம்மா முன்னால் வைத்தார்.

"இதத்தான் தடவுனா. வித்தவ நாந்தாம்மா. என்னை இன்னா வேணா செய்ங்க, புள்ளய மட்டும் காப்பாத்திக் குடுங்க."

சோதித்ததில் அதில் சிறுநீரகத்தைக் கெடுக்கிற பாதரசம் இருந்தது. கிரீமை நிறுத்தி வைத்தியம் தொடங்கியது. ஜமுனா வீடு திரும்புவதற்குள் பீவி வீடு வீடாக ஏறி, விற்ற டப்பாக்களைத் திரும்பக் கேட்டார்.

"இன்னா பீவிம்மா, நாங்க கலரானா உனக்குப் பொறாமையா?" என்றாள் தனக்கோடி.

"ஆமான்டி, பொறாமதான். எடு வெளிய!"

அத்தனையும் டாக்டரம்மாவிடம் போய்ச் சேர்ந்தது. ஜமுனா முழுசாகத் தேற ஒரு வருடம் ஆயிற்று. அதற்குள் பீவிக்கு முட்டி தேய்ந்து, சென்னையில் மகள் ஷஹானா வீட்டோடு போவதென்று முடிவானது. அவரைக் கடைசியாகப் பார்த்தது பஸ் நிற்கிற இடத்தில். ஏரியிலிருந்து ஈரப்புடவையோடு ஓடிவந்த ஜமுனாவின் முகவாயைப் பிடித்து, வெயில் பக்கம் திருப்பி, இப்படியும் அப்படியும் பார்த்தார் பீவி.

"பழையபடி நல்லா கறுத்துட்டடி. அல்லா காப்பாத்திட்டான்."